அணைத்தால் கேட்கும் விசில்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்ற ஆளை நீங்கள் அதிகம் கண்டிருக்க மாட்டீர்கள். நான் பெற்றேன். ஓய்வூதியம் கிடையாது. பிரியாவிடைக்குக் கராஜில் ஒரு கேக் வெட்டினார்கள்; அதையும் வெட்டும்போது எனக்குக் குனிய முடியவில்லை. முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு ஒன்று விலகிவிட்டதாம். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பார்க்க, பழைய லொறியில் கழற்றிய தேய்ந்த புஷ் மாதிரியே இருந்தது. "இதுக்குப் புதுசு ஒண்டு பூட்ட ஏலாதா டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கார் எஞ்சினுக்குள் தலையை விடுகிற வேலை இனி வேண்டாம் என்று எழுதித் தந்தார்.

இப்போது செட்டிபாளையத்தில் போன் கவரும் சார்ஜரும் விற்கிறேன். மெத்தை போட்ட கதிரை. பதினேழு வருடம் காருக்குக் கீழே படுத்துக் கிடந்தவனுக்கு இது பதவி உயர்வுதான்.

போன மாதம் பழைய கராஜுக்குச் சும்மா போனேன். அங்கே ஒரு புதுப் பெட்டி வந்திருக்கிறது. வயரைக் காரில் குத்தினால் அந்தக் கார் எத்தனை தரம் கடுமையாக ஓட்டப்பட்டது, எஞ்சின் எவ்வளவு சூடாகியது என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் என்னைச் சுற்றி நின்று, "அண்ணே, இந்தப் பெட்டி இல்லாத காலத்தில ஓடினவன் எப்பிடி ஓடினானெண்டு என்னெண்டு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். "சாமி ஆடித்தான்" என்றேன். பிறகு அவர்கள் பாவம் என்று பட்டது. வாயால் சொன்னால் பகிடி என்று நினைப்பார்கள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு. பிழை இருந்தால் வாத்தியார்மார் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கும் வேலை வேண்டும்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நட்டுப் பொறுக்கினேன். இரண்டாம் வருடம் நட்டுக் கழற்றினேன். மூன்றாம் வருடம் கழற்றியதைத் திருப்பிப் பூட்டினேன், இரண்டு மூன்று மிஞ்சியது. ஐந்தாம் வருடத்தில் மிஞ்சவில்லை. அவ்வளவுதான்.

கராஜ் ஏறாவூருக்கு இந்தப் பக்கம், பெரிய றோட்டில். முதலாளி ரமீஸ் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். என்னைவிடப் பதின்மூன்று வயது மூப்பு. டுபாயில் பந்தயக் கார் திருத்துகிற கராஜில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அதனால் மட்டக்களப்பு மாவட்டத்தில் யாரிடமாவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதி வேகம் கூட்டுகிற டர்போ பூட்டிய கார் இருந்தால், அது கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்து சேரும். ஓடி வந்ததைவிடக் கட்டி இழுத்து வந்ததுதான் அதிகம்.

ரமீஸ் நானாவிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, கழற்றிய சாமானைத் துடைக்க விடமாட்டார். கராஜ் நடுவில் ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். ஊத்தையோடு, கரியோடு, ஒயிலோடு. காரின் சொந்தக்காரர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. முதல் வருடத்தில் நல்ல பிள்ளையாய் நடப்பதற்காக நான் ஒரு பிரேக் பேட்டைப் பெற்றோல் போட்டுக் கழுவிப் பளபளவென்று வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரூபன், இந்தக் கார்ர வாயக் கழுவி விட்டுட்டியேடா. இனி அது எனக்கு என்னத்தச் சொல்லும்?" என்றார். கத்தவில்லை. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

மற்றப் பழக்கம், மூன்று கேள்வி. எந்தக் கார் வந்தாலும் அந்த மூன்றுதான். எப்போது ஒயில் மாற்றினது. எந்தெந்த றோட்டில் ஓடுகிறது. ஓடி முடித்து எப்படி நிறுத்துகிறது. முதல் இரண்டுக்கும் எல்லாரும் பதில் சொல்வார்கள். மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பார்கள். நிறுத்துகிறதில் என்ன இருக்கிறது, திறப்பைத் திருப்பினால் நிற்கும்தானே என்பார்கள். ரமீஸ் நானா சிரிக்காமல் பதிலுக்காகக் காத்திருப்பார்.

"நீங்க ஸ்பீடா ஓடி உடைச்சிட்டீங்க" என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. "வாகனம் அப்பிடித்தான் சொல்லுது" என்பார். வாகனத்தோடு யாரும் சண்டைக்குப் போக முடியாது.

அது எப்படிச் சொல்லும் என்பதைப் பெட்டி வைத்திருக்கிற தம்பிமாருக்காக எழுதுகிறேன். ஒருமுறை வங்கியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டி, கையை நீட்டிப் பேசுகிற ஆள். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குது என்றார். "நான் அறுபதுக்கு மேல போறதே இல்ல" என்றும் கேளாமலே சொன்னார். சில்லைக் கழற்றினோம். டயரின் வெளித்தோள் வட்டமாய்த் தேய்ந்து, விரலை ஒரு பக்கம் தடவினால் வழுக்கியது, மறுபக்கம் தடவினால் வாள்பல் மாதிரிக் கீறியது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வெட்டித் திருப்புகிறவனின் டயர்தான் அப்படித் தேயும். பிரேக் தட்டில் நீலம் ஏறியிருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர அடுப்பில் வைத்த சூடு வேண்டும். பேட்டின் முகம் கண்ணாடி போல மினுங்கியது. கிளச்சைத் திறந்தபோது கருகின தலைமயிர் மணம். ரமீஸ் நானா எல்லாவற்றையும் சாக்கில் அடுக்கி, அந்த ஐயாவைப் பக்கத்தில் குந்தவைத்து, டயரைத் தடவச் சொன்னார். அவர் இரண்டு பக்கமும் தடவினார்.

"வாகனம் அப்பிடித்தான் சொல்லுது சேர்" என்றார் நானா.

"என்ட மச்சான் சில நேரம் எடுத்து ஓடுறவன்" என்றார் அவர்.

"அப்ப மச்சானுக்குச் சொல்லுங்க" என்றார் நானா. நான் காருக்கு அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தேன். அவருக்கு மச்சானே இல்லை என்று பிறகு தெரிய வந்தது.

பழுது பார்த்து முடித்த காரை றோட்டில் ஓடிப் பார்ப்பது என் வேலை. எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. திருத்தாத காரையும் ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.

இனி அந்தச் சிவப்புக் காருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கிரானில் அரிசி ஆலை வைத்திருக்கிற தவராசா முதலாளி, நாற்பத்தைந்து வயதில் ஆசை வந்து ஒரு கார் வாங்கினார். யப்பான் கார், இரண்டு கதவு, டர்போ பூட்டியது. வயல் றோட்டில் அதைக் காணும்போது கல்யாண மாப்பிள்ளை சேற்றில் இறங்கி வருகிற மாதிரி இருக்கும். வார நாட்களில் அதை ஓடுகிறவர் கனகு அண்ணன். பதினொரு வருடம் ஆலையின் லொறியை ஓடியவர். நெல் மூட்டையோடு வயல்வட்டை றோட்டில் பதினொரு வருடம் போய் வந்தவருக்குக் கார் ஓடத் தெரியும் என்று முதலாளி நம்பித் திறப்பைக் கொடுத்திருந்தார். லொறிக்கு வேறொருவரைப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முதலாளி தானே ஓடிக் கல்குடாவுக்குப் போவார். அங்கே கடற்கரையில் அவருடைய கூட்டாளிமார்.

கார் வாங்கிய புதிதில் ஒயில் மாற்ற எங்களிடம் வந்தது. முதலாளியே கொண்டு வந்தார். வேலை முடிந்ததும் ஓடிப் பார்க்க நான் ஏறினேன். "நானும் வாறன்" என்று அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ரமீஸ் நானா கராஜில் வேறொரு வேலையில் இருந்தார். இது முக்கியம், அவர் இருந்திருந்தால் நான் நல்ல பிள்ளையாய்ப் போய் வந்திருப்பேன்.

ஆளில்லாத இடத்தில் இரண்டாம் கியரில் போட்டு மிதித்தேன். முதலாளி சீற்றோடு ஒட்டிப்போனார். முகத்தில் பயமும் சந்தோசமும் பாதிப் பாதி. எனக்கு அவரைப் பார்க்க ஆசையாய் இருந்தது. ஓரமாய் நிறுத்தி, "முதலாளி, இப்ப ஒரு வித்தை காட்டுறன், கேளுங்க" என்றேன். நிற்கிற காரிலேயே உறுமவிட்டு, உறுமலின் உச்சத்தில் திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். எஞ்சின் செத்தது. அந்த அமைதியில் பொனட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய விசில், மேலிருந்து கீழே இறங்கி இறங்கி அடங்கியது.

"என்னடா அது?"

"டர்போ. எஞ்சின் நிண்டாலும் அது சுத்துது. அதுதான் பாடுது."

"இன்னொருக்காச் செய்."

செய்தேன். பிறகு அவரை ஸ்டியரிங்கில் இருத்தி அவரையும் செய்யவிட்டேன். சின்னப் பிள்ளைக்கு ஊதுகுழல் வாங்கிக் கொடுத்த மாதிரி. அது கெடுதல் என்று எனக்குத் தெரியும். ரமீஸ் நானா மூன்றாம் கேள்வியை எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமலா ஒன்பது வருடம் அங்கே இருந்தேன்? டர்போவுக்குள் ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. எஞ்சினிலிருந்து வருகிற சூட்டுப் புகைதான் அதைச் சுழற்றுகிறது. கடுமையாய் ஓடினால் அந்த இடம் சிவக்கிற சூட்டுக்குப் போகும். தண்டைக் காப்பாற்றுவது அதைச் சுற்றி ஓடுகிற ஒயில். எஞ்சினை அணைத்தால் ஒயில் ஓட்டம் உடனே நின்றுவிடும், தண்டு மட்டும் காய்ந்த நிலையில் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கிய ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். அதனால்தான் கடுமையாய் ஓடி வந்தால் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா இயங்கவிட்டு, சூடு தணிந்த பிறகு அணைக்க வேண்டும். இது தெரிந்தும், இரண்டு மூன்று தரத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தரத்தில் ஒன்றும் வராதுதான்.

அடுத்த ஞாயிறு என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கல்குடாவில் கார் வந்து நிற்கிறது, உறுமுகிறது, அணைகிறது, விசில் அடிக்கிறது, கூட்டாளிமார் கைதட்டுகிறார்கள். அனுப்பியவர் முதலாளி. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. "இன்னும் கொஞ்சம் மிதிச்சுப்போட்டு ஓஃப் பண்ணுங்க முதலாளி, இன்னும் நீளமாப் பாடும்" என்று நான் பதில் போட்டேன். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. என் போனில் அந்தக் காரின் கச்சேரி ஒரு பெட்டி நிறையக் கிடந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கார் கட்டி இழுக்கப்பட்டு வந்தது. கனகு அண்ணன் தனியே ஆலையிலிருந்து பட்டணத்துக்குப் போகும் வழியில், பின்னால் நீலப் புகை கிளம்பி, முன்னால் ஒரு அலறல் கேட்டு, இழுவை இல்லாமல் போயிருக்கிறது. முதலாளி ஒரு வேனைத் தானே ஓடிக்கொண்டு பின்னால் வந்து இறங்கினார். கனகு அண்ணன் காருக்கு மறுபக்கம், கதவைப் பிடித்தபடி நின்றார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"ரமீஸ்" என்றார் முதலாளி. "கழட்டிப் பாரு. லொறி ஓடுற மாதிரி ஓடி இத நாசமாக்கிட்டான். எனக்கு உன்ட வாயால கேக்கோணும். கேட்ட கையோட இவன அனுப்பப் போறன்."

கனகு அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அந்தப் பக்கத்தில் ஆலையும் லொறியும் வைத்திருக்கிறவர்கள் ஐந்தாறு பேர். எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். முதலாளியின் காரை உடைத்து அனுப்பப்பட்டவன் என்று பேர் வந்தால் அவர் கையில் யாரும் மறுபடி ஸ்டியரிங் கொடுக்கப்போவதில்லை. இது கராஜில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

சாக்கு விரிந்தது. டர்போவை நான்தான் கழற்றினேன். தண்டை விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடக்கூடாதது பல் விழப்போகிற மாதிரி ஆடியது. காற்றாடி இதழ்கள் கூட்டில் உரசி முனை மழுங்கியிருந்தன. ஒயில் இறங்குகிற குழாயைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பிடித்த சோற்றுச் சட்டியின் அடிதான். கறுப்பாய், தடிப்பாய், நகத்தால் சுரண்டினால் பொருக்காய் உதிர்ந்தது. ஒயில் போக ஊசி நுழைகிற அளவு வழிதான் மிச்சம். என் கை கொஞ்சம் நின்றது. பிறகு மற்றவற்றோடு சாக்கில் வைத்தேன். டயரும் வந்தது, வாள்பல். பிரேக் தட்டும் வந்தது, நீலம்.

ரமீஸ் நானா குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். குழாயை மட்டும் இரண்டு தரம் எடுத்தார்.

"என்ன சொல்லுது உன்ட வாகனம்?" என்றார் முதலாளி.

"கடுமையா ஓடியிரிக்கி முதலாளி. கடுமையா ஓடி, சூட்டோட ஓஃப் பண்ணியிரிக்கி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

"நான் சொன்னன்தானே."

"ஆர் ஓடினதெண்டு இது சொல்லாது" என்றார் நானா. பிறகு கனகு அண்ணனைப் பார்த்து மூன்று கேள்வியையும் கேட்டார். ஒயில், நேரத்துக்கு மாற்றியிருக்கிறது, நாங்கள்தான் மாற்றினோம். றோட், ஆலையும் பட்டணமும்.

"நிப்பாட்டுறது எப்பிடி அண்ணே?"

கனகு அண்ணன் யோசித்தார். நான் மனதுக்குள், "ஒண்டும் சொல்லாத அண்ணே, சும்மா நிப்பாட்டுற எண்டு சொல்லு" என்று கெஞ்சினேன்.

"கேட்டில நிப்பாட்டுவன் தம்பி" என்றார் அவர். "கிரான் ரயில் கேட் பூட்டியிருந்தா, ரயில் போகுமட்டும் எஞ்சின ஓஃப் பண்ணிப்போட்டு நிப்பன். லொறியில இரிந்த பழக்கம். என்னத்துக்குச் சும்மா எரியோணும்? ஒவ்வொரு நாளும்தான் செய்யிறன். பொய் சொல்ல மாட்டன்."

முதலாளி கையைத் தட்டினார். "கேட்டியா? அவன்ட வாயாலயே வந்திட்டு. ஒவ்வொரு நாளுமாம்."

"அது வேற முதலாளி" என்றார் நானா. "ஆலையில இரிந்து கேட்டுக்கு மெதுவா வாற வாகனத்தில டர்போ சூடேறாது. அத எத்தினை தரம் ஓஃப் பண்ணினாலும் இந்தக் கரி வராது."

"மெதுவாத்தான் வந்தானெண்டு ஆருக்குத் தெரியும்? நீ பக்கத்தில இரிந்தியா?"

"இல்ல."

"ஆறு நாள் அவன்ட கையில. ஒரு நாள் என்ட கையில. கணக்குச் சரிதானே?"

நானா எழும்பி, முதலாளியின் முகத்தைப் பார்த்து, வழக்கமான அதே குரலில் கேட்டார். "நீங்க எப்பிடி நிப்பாட்டுவீங்க முதலாளி?"

"என்னையா கேக்கிற? எல்லாரையும் போலத்தான். திறப்பத் திருப்பினா நிக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மறந்து போனாரா, மறைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழெட்டு மாதம் ஞாயிறு தவறாமல் செய்கிற காரியம் ஆளுக்குப் பழகிப்போகும். பழகியது கண்ணுக்குத் தெரியாது. கனகு அண்ணன் ஏற்கெனவே தன் சேர்ட் பொக்கற்றிலிருந்து ஆலைத் திறப்புக் கோர்வையை எடுத்து, கார்த் திறப்பை அதிலிருந்து கழற்றத் தொடங்கியிருந்தார். வளையம் இறுக்கம். நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்லாத மனிதன் மெய் சொல்லி மாட்டிக்கொண்டான். எல்லாம் தெரிந்த நான் கையில் ஒரு ஸ்பெனரை வைத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஸ்பெனரில் ஊத்தை இருக்கவில்லை.

பகிடியாய்ச் சொல்லித் தப்பலாமா என்று பார்த்தேன். "நானா, இந்த வழக்குக்கு ஒரு சாட்சி இரிக்கு. ஆனா சாட்சிக்குத்தான் அடி விழும்போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"என்னடா?" என்றார் நானா.

போனை எடுத்து, கடைசி ஞாயிறு வந்ததைத் தட்டி, சாக்குக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். கையில் பிடித்துக் காட்டத் தைரியம் வரவில்லை. கடல் இரைச்சல். கார் வேகமாய் வந்து மணலில் இழுபட்டு நிற்கிற சத்தம். உறுமல். திறப்பு. அமைதி. அந்த விசில் மேலிருந்து கீழே இறங்கியது, ஆனால் முதல் நாள் கேட்ட மாதிரி மெல்லிசாய் இல்லை, நடுவில் கரகரத்தது. யாரோ, "பாடுதடா, பாடுதடா" என்று கத்தினார்கள். கைதட்டல். வீடியோ நின்றது.

நானா கீழே குனிந்து திரையை விரலால் மேலே தள்ளினார். ஒன்றன்மேல் ஒன்றாய் ஞாயிறுகள். நடுநடுவே என் பதில்கள். அவர் படித்தார். எல்லாவற்றையும் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இன்னும் கொஞ்சம் மிதிச்சுப்போட்டு" என்று நான் எழுதின இடமாய்த்தான் இருக்கும்.

"ஆர் காட்டிக்குடுத்தது இத?"

"நான்தான் நானா. முதல் ஒயில் மாத்தின அண்டைக்கு."

முதலாளி வாயைத் திறந்தார். "அது சும்மா ஒரு பகிடிக்கு..." என்று தொடங்கினார். சாக்கிலிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு, "இவன்தான் எனக்குப் பழக்கினவன்" என்று என்னைக் காட்டினார். அது மெய். நான் தலையாட்டினேன்.

"ஓம் முதலாளி. அதக் கனகு அண்ணன் செய்யல்ல எண்டுதான் நான் சொல்லுறன்."

றோட்டில் ஒரு மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். கனகு அண்ணனின் நகம் வளையத்துக்குள்ளேயே நின்றிருந்தது. முதலாளி ஒரு சொல்லும் மன்னிப்பாய்ச் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வேன் பக்கம் நடந்தார். ஏறுவதற்கு முன் திரும்பாமலே, "கனகு, வா போவம். நெல்லு ஏத்தோணும்" என்றார். வேனை ஓடுகிறவர் ஏறுகிற பக்கத்துக் கதவைத் திறக்காமல் மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கனகு அண்ணன் திறப்பைத் திரும்ப வளையத்துக்குள் தள்ளினார். என்னைக் கடக்கும்போது, "உன்ட போன் நல்ல போன் தம்பி, சத்தம் தெளிவாக் கேக்குது" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று பிரிக்க முடியாத குரல்.

வேன் போன பிறகு ரமீஸ் நானா எனக்கு ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒயில் குழாயை என் கையில் தந்தார். ஒரு துண்டுக் கம்பியும் தந்தார். "சுரண்டு" என்றார்.

"புதுக் குழாய்தானே போடப்போறம் நானா?"

"ஓம். நீ சுரண்டு."

அன்று பின்னேரமும் அடுத்த நாள் பகலும் சுரண்டினேன். பொருக்குப் பொருக்காய் வந்தது. இதில் எந்தத் துண்டு நான் காட்டிக்கொடுத்த நாளுக்குரியது என்று தேடினேன். எல்லாம் ஒரே நிறம். குழாய் சுத்தமானதும் நானா அதை வாங்கி ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார், பிறகு பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். "றோட் டெஸ்ட் இனி நான் பாக்கிறன். ஒரு வருசத்துக்குத் திறப்ப நீ தொடாத" என்றார். ஒரு வருடம் என்றால் அவருக்கு ஒரு வருடம். முன்னூற்று அறுபத்துநாலாம் நாள் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

முதலாளி அந்தக் காரைத் தொடர்ந்து வைத்திருந்தார். புது டர்போ பூட்டிய பிறகு எங்கள் கராஜுக்கு வந்தால் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சின் இயங்க இயங்க உள்ளேயே இருப்பார். நாங்கள் காணாத மாதிரி வேலை செய்வோம். இரண்டு நிமிடம் கழித்து அணைத்துவிட்டு இறங்கி, அப்போதுதான் வந்த மாதிரிச் சலாம் சொல்வார். எனக்கு வீடியோ அனுப்புவதில்லை. கல்குடாவில் என்ன செய்தார் என்று டயரைப் பார்த்தால் தெரியும். வாள்பல் கொஞ்சம் குறைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய கார், மனிதன் எவ்வளவுதான் அடங்குவான்?

தம்பிமாரே, உங்கள் பெட்டி நல்ல பெட்டிதான். எத்தனை தரம் சூட்டோடு அணைத்தார்கள் என்று அது எண்ணிச் சொல்லும். அணைத்த கை யாருடையது, அந்தக் கைக்குப் பழக்கியவன் யார் என்று அதன் திரையில் வராது. அதற்குச் சாக்கை விரித்து, எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, மூன்றாம் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். யாருக்காவது வாய் திறக்கும்.

கனகு அண்ணனைப் போன கிழமை கண்டேன். கிரானில் ஒரு கல்யாணத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ரயில் கேட் பூட்டியிருந்தது. நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன். முன்னால் அந்தச் சிவப்புக் கார். இயங்கிக்கொண்டு நின்றது. வண்டியை உருட்டிக் கண்ணாடிப் பக்கம் போனேன். தலை நரைத்துவிட்டது, ஆள் அதே ஆள்.

"ரூபனா? முதுகு எப்பிடி?"

"பார்ட்ஸ் வரல்ல அண்ணே. அது கிடக்கட்டும், என்னத்துக்கு எஞ்சின் எரியுது? ஆலையில இரிந்து இஞ்ச மட்டும் நீங்க வாற வேகத்தில ஆமையும் முந்திப் போகும். இதுக்கு டர்போ சூடாகாது. ஓஃப் பண்ணுங்க, ஒண்டும் வராது."

"தெரியும். ரமீஸ் தம்பி அண்டைக்கே சொன்னவர்."

"மறுகா என்னத்துக்கு எரியவிடுறீங்க?"

ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியாய்க் கடந்து போனது. கேட் உயரத் தொடங்கியதும் கியரைப் போட்டார்.

"இனி எந்தக் காலத்திலயாவது ஆரும் கேட்டா, அண்டைக்குப் பிறகு நான் ஒருநாளும் ஓஃப் பண்ணல்ல எண்டு சொல்லோணும் தம்பி" என்றார். "அதையும் பொய் இல்லாமச் சொல்லோணும்."

கார் மெதுவாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. நான் என் எஞ்சினை மறுபடி உதைத்து எழுப்ப மூன்று தரம் எடுத்தது. முதுகு.